பேச்சியம்மாள் மூன்று முறை எரித்த செட்

வால்வு செட் அதிக நாள் உழைக்குமா, டிரான்சிஸ்டர் செட் அதிக நாள் உழைக்குமா என்று ஒரு கட்டுரை எழுதித் தாருங்கள் என்றார்கள், நம் மைக் செட் மெக்கானிக் சங்கத்து மலர் வேலையைப் பார்க்கும் தம்பிகள். திண்டுக்கல்லில் நான் வைத்திருந்த ரிப்பேர் கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. மூடியதற்கு மூட்டுவலி ஒரு காரணம். இந்தக் கேள்வி இன்னொரு காரணம். பெஞ்சில் உட்கார்ந்த நாள் முதல் எழுந்த நாள் வரை இதைக் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் பதிலுக்காகக் காத்திருந்தவர்களும் அதிகம் இல்லை. பெரும்பாலோர் பதிலைக் கையிலேயே கொண்டுவந்திருப்பார்கள். நான் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதக் கூட்டத்திலும் பார்த்தேன். நாற்பது வயதைத் தாண்டாத இரண்டு மெக்கானிக்குகள் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறை. ஒருவர் வால்வு செட்டை எந்த ஊரிலும் ஓட்டிப் பார்த்ததில்லை. இன்னொருவர் செல்போனில் படித்ததைச் சொன்னார்.

ஆகவே முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். வால்வு தேயும் பொருள். எரிய எரிய வலுவிழக்கும். சத்தம் குறைந்து, கரகரத்து, நமக்குத் தெரியப்படுத்திவிட்டுத்தான் போகும். பல்பு மாதிரி கழற்றிவிட்டு வேறு மாட்டலாம், கிடைத்தால். டிரான்சிஸ்டர் தேயாது. முறையாக ஓட்டினால் உங்களுக்குப் பிறகும் இருக்கும். முறை தவறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும், அதற்கு முன் ஓர் இருமல்கூட இருக்காது. இரண்டு செட்டிலும் கண்டன்சர் காய்ந்துபோகும். அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

விடை இவ்வளவுதான். மலரில் எனக்கு ஒதுக்கிய இடம் இன்னும் நிறைய இருக்கிறது. அதில் நான் செய்த ஒரு தவறை எழுதுகிறேன். ஒரு பெண்ணின் பிழைப்பு அதனால் போக இருந்தது.

ஊர் ஊராக வால்வு செட்டைக் கழற்றிவிட்டு டிரான்சிஸ்டர் செட் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அய்யலூருக்குக் கிழக்கே ஒரு வாரச் சந்தை. அய்யலூர்ச் சந்தை அளவுக்குப் பெரியதில்லை. ஆனாலும் வியாழக்கிழமை விடியும்போது நூற்றுக்கணக்கில் ஆடுகள் வந்து நிற்கும். அந்தச் சந்தையில் மைக் பேசுகிறவர் பேச்சியம்மாள். அவருடைய கணவர் சொந்தமாக ஒரு வால்வு செட் வைத்து மைக் பேசியவர். அவர் இறந்த பிறகு பேச்சியம்மாளே செட்டைக் கையில் எடுத்தார். இரண்டு பெண் பிள்ளைகள். சந்தையில் மைக் பேசுவதால் கிடைத்த பெயரை வைத்துத்தான் சுற்றுவட்டாரத்தில் காதுகுத்துக்கும் சடங்குக்கும் அவரைக் கூப்பிட்டார்கள்.

வேலை என்னவென்றால், சந்தை கேட்டுக்கு அருகில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் செட். இருநூறு அடி தள்ளி ஒரு வேப்பமரம், அதில் ஒரு கூம்பு ஸ்பீக்கர். லாரியை நகர்த்தச் சொல்வது, காணாமல் போன குட்டிக்கு அடையாளம் சொல்வது, பணப்பையைத் தவறவிட்டவரைக் கூப்பிடுவது. எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தையைத் திறந்துவைப்பது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் மைக் பேச வேண்டும். அதற்கு முன் யாரும் போணி பண்ண மாட்டார்கள். வியாபாரியும் விற்பவரும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு, மைக்கில் அந்த முதல் குரல் வந்தாக வேண்டும். முதல் வியாபாரம் நன்றாக நடந்தால்தான் அன்றைய வியாபாரம் நன்றாக நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் போவதில்லை. அங்கே அப்படி.

அந்த வருடம் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் புது ஆள். பழைய வால்வு செட் அவர் கண்ணுக்கு அசிங்கமாக இருந்தது. "புதுசா, சத்தமா ஒண்ணு வேணும் மெக்கானிக்" என்றார். டிரான்சிஸ்டர் செட் ஒன்றை நானே தேர்ந்தெடுத்து, நானே கொண்டுபோய் மாட்டினேன். நல்ல செட். வேண்டுமானால் இன்றைக்கும் அதைப் பற்றி அதைத்தான் சொல்வேன்.

ஐந்தாவது வாரம் அது எரிந்தது. பெஞ்சில் திறந்து பார்த்தால் பவர் டிரான்சிஸ்டர்கள் போயிருந்தன. மாற்றினேன். அரை நாள் ஓட்டிப் பார்த்தேன், அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி அதே பழுது. மாற்றினேன், ஓட்டினேன், அனுப்பினேன். இன்னும் நான்கு வாரத்தில் மூன்றாவது தடவை.

இந்த இடத்தில் தம்பிகள் கொஞ்சம் நிற்க வேண்டும். அப்போது நான் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரச் செய்தியாளராகவும் இருந்தேன். பஸ் ஒன்று பள்ளத்தில் இறங்கினால் டிரைவர், கண்டக்டர், பக்கத்துத் தோட்டக்காரர், டீக்கடைக்காரர் என்று நாலு பேரைக் கேட்காமல் ஒரு வரி அனுப்ப மாட்டேன். எத்தனை மணிக்கு, யார் பார்த்தது, அதற்கு முன் என்ன நடந்தது. அதே ஆள்தான் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒரே பழுது மூன்று தடவை வந்தும், ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. செட்டைத்தான் பார்த்தேன். செட் எனக்குப் பழக்கமான பொருள். கேள்வி கேட்காமலே திறக்கலாம்.

மூன்றாவது தடவை எனக்குக் கோபம் வந்தது. நான் தேர்ந்தெடுத்த செட், நான் பழுது பார்த்த செட். திரும்பத் திரும்ப வந்தால் யார் பெயர் கெடும்? ரிப்பேர் சீட்டில் பழுதுக்குக் காரணம் என்று ஓர் இடம் இருக்கும். அதில் "உபயோகிப்பவர் தவறு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, செட்டோடு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் கடைக்கு வந்தார். கும்பிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மடித்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்தார். என்னுடைய சீட்டுதான், ஆனால் ஜெராக்ஸ்.

"அசலு குத்தகைக்காரரு சட்டப் பையில இருக்குண்ணே. இத கேட்டு வாங்கியாந்தேன்."

"என்ன விஷயம் பேச்சி?"

"எனக்கு வாசிக்கத் தெரியும். 'உபயோகிப்பவர் தவறு'ன்னு போட்டிருக்கு. சரி, என் தப்புன்னே வச்சுக்கிருவோம். என்ன தப்புன்னு போடலையேண்ணே?"

நான் பெஞ்சில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிராயரில் வைத்தேன்.

"என்ன தப்புன்னு சொன்னா திருத்திக்கிருவேன்ல. தண்ணி பட்டுச்சா? பொத்துனு போட்டேனா? எலி புகுந்துச்சா? எதுன்னு சொல்லுங்க."

"அப்படி இருக்கலாம்னு..."

"இருக்கலாமா?" அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுல 'இருக்கலாம்'னு இல்லையேண்ணே."

நாளிதழ் அலுவலகத்தில் என் செய்தியைத் திருத்துகிறவர் ஒருவர் இருந்தார். நான் எழுதி அனுப்பியதில் ஒரு வரியை அடித்துவிட்டு, 'நீ பார்த்தாயா?' என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். பேச்சியம்மாள் கேட்டதும் அதே கேள்விதான். நான் பார்க்கவில்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னார். வரும் வியாழக்கிழமையோடு அவரை நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் குத்தகைக்காரர். வேறு ஆளிடம் பேசியாகிவிட்டது. வியாபாரிகள் அவரிடம் போய் நின்றிருக்கிறார்கள். மூன்று தடவை போணி நேரத்தில் மைக் ஊமையாகிவிட்டது, பேச்சி கை ராசியில்லாத கை, ஆளை மாற்று என்று. இப்போது மெக்கானிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் என்ன?

"சந்தையில வேணாம்னு ஒதுக்குன கைய எவன் வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிடுவான்? நீங்களே சொல்லுங்க" என்றார். அழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். செட் கொட்டகையில் இருந்தது. பேச்சியம்மாள் பூட்டைத் திறந்து, ஸ்விட்சைப் போட்டு, மைக்கைத் தட்டி, சந்தையைத் திறந்துவைத்தார். செட் நன்றாகவே பேசியது. கொட்டகையைக் கடந்து போன வயதான வியாபாரி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏத்தா பேச்சி, செட்டு வைத்தியரையே கூட்டியாந்துட்டயாக்கும்? நாங்கூட இன்னைக்கும் ஊமச் சந்தைதான்னு நெனச்சேன்."

"நீ வாங்குற ஆடு கத்துற சத்தம் பத்தலையா மாமா உனக்கு?"

"ஆடு கத்துனா எனக்குத்தான் நட்டம். நீ கத்துனாத்தான் சந்தைக்கு லாபம்."

அவரையே முதலில் கேட்டேன். செட் எப்போது பேசாமல் போனது? "காலையில. போணிக்கு முன்ன. மூணு தடவயும் அதேதான்." அதற்கு முந்தின வாரம்? "முந்துன வாரம் கடேசி வரைக்கும் நல்லாத்தான் பேசுச்சு." டீ விற்றவரைக் கேட்டேன். அதையே சொன்னார். கேட்டில் சீட்டுக் கிழிப்பவரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். பேச்சியம்மாளைக் கேட்டேன். "ஆமாண்ணே. நடுவுல ஒரு நாளும் கெட்டதில்ல. ஓடுறப்பக் கெடல."

ஆக, சந்தை முடியும்வரை உயிரோடு இருந்த செட், அடுத்த சந்தை தொடங்கும்போது செத்துக் கிடக்கிறது. நடுவில் ஆறு நாள் அது பூட்டிய கொட்டகையில், பெட்டிக்குள், கரண்டே இல்லாமல் இருக்கிறது. பெட்டிக்குள் சும்மா இருக்கும் டிரான்சிஸ்டர் தானாகச் சாகாது. அப்படியானால் அது போவது சந்தை முடியும் நேரத்தில். முதல் தடவையே நாலு பேரைக் கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கும். எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பத்து மணி வரை வேறு வேலை இல்லாமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். சந்தை கலைந்தது. லாரிகள் கிளம்பின. பேச்சியம்மாள் கடைசி அறிவிப்பைச் சொல்லிவிட்டு, கேசட் பெட்டியில் ஒரு பக்திப் பாட்டைப் போட்டார். சத்தத்தை நன்றாகத் திருப்பி வைத்தார். பாட்டு ஓடும்வரை கேட்டில் வசூல் நடக்கும், பாட்டு நின்றால் கேட் மூடப்படும் என்றார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"செட்ட நிப்பாட்டிட்டுக் கழட்டலாமே?"

"நிப்பாட்டிட்டு இங்கன வந்து சேருறதுக்குள்ள கூம்ப எவனாச்சும் கழட்டிருவான். எங்க வீட்டுக்காரர் காலத்துல ஒண்ணு அப்படித்தான் போச்சு. பாட்டு ஓடயில மரத்தடியில நாந்தான் நிப்பேன். பாட்டு முடியப் போகுதுன்னா கழட்டித் தூக்கிட்டுப் போயி, அங்கிட்டு செட்ட அமத்துவேன்."

காரணத்தோடு செய்கிற வேலை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டு முடியப் போகும் நேரத்தில் ஏணியில் ஏறினார். கூம்பிலிருந்து இரண்டு வயரையும் உருவினார். பாட்டு நின்றது, அதாவது நமக்குக் கேட்பது நின்றது. கொட்டகைக்குள் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, பூக் கட்டுகிற வேகத்தில், நாலு முறுக்கு முறுக்கி விட்டுவிட்டுக் கூம்பை எடுக்கத் திரும்பினார்.

கீழே தொங்கிய வயரை எட்டிப் பிடித்து, அந்த முறுக்கைப் பிரித்து, முனைகளை விலக்கிப் பிடித்தேன்.

"ஏன் முறுக்குன பேச்சி?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "முறுக்காம விடலாமாண்ணே?"

"யார் சொன்னது?"

"நீங்கதான்." ஏணியிலிருந்து இறங்கினார். "எங்க வீட்டுக்காரர் செத்த மாசம் உங்க கடைக்கு வந்தேன்ல. வால்வு செட்டுல கூம்பக் கழட்டுனா முனைய முறுக்காமக் கைய எடுக்காத, தெறந்தாப்ல விட்டா செட்டு செத்துரும்னீங்க. மூணு தரம் முறுக்கிக் காட்டச் சொன்னீங்க. அன்னையிலருந்து ஒரு வாரம் மறந்ததில்ல."

உண்மை. சொன்னேன். எனக்கு அதைச் சொன்னவர் நான் தொழில் பழகிய கடையின் பெரிய மெக்கானிக். அவரும் காரணம் சொல்லவில்லை, முறுக்கச் சொன்னார். வால்வு செட்டுக்கு அது சரியான விதி. பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் இல்லாமல் வயர் திறந்து கிடந்தால், உள்ளே உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. முனைகள் சேர்ந்திருந்தால் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பழைய செட் அத்தனை வருடம் ஓடியதே இந்தப் பெண் ஒரு வாரமும் மறக்காததால்தான். டிரான்சிஸ்டர் செட்டுக்கு விதி நேர் எதிர். வயர் திறந்து கிடந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. முனைகள் சேர்ந்தால், அந்த நேரத்தில் பாட்டும் சத்தமாக ஓடினால், பவர் டிரான்சிஸ்டர் போய்விடும். பாட்டு முடிந்த பிறகு முறுக்கிய வாரங்களில் செட் தப்பியிருக்கிறது. முடிவதற்குள் முறுக்கிய வாரங்களில் எரிந்திருக்கிறது. புது செட்டை மாட்டிய அன்று, ஸ்விட்ச் எங்கே, சத்தம் கூட்டுவது எங்கே என்று எல்லாம் காட்டினேன். இதைச் சொல்லவில்லை. நான் சொன்னது அவர் கையில் இன்னும் இருக்கிறது என்பதே எனக்கு நினைவில்லை.

கூம்பைத் திரும்ப மாட்டச் சொன்னேன். மாட்டினார். பாட்டு கேட்டது. செட் பிழைத்திருந்தது. ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் நான்காவது தடவை.

மரத்தடியிலேயே நின்று காரணத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "பழசுக்கு மடைய அடைக்கக் கூடாது, புதுசுக்கு மடைய ஒடைச்சு விடக் கூடாது. அம்புட்டுத்தானண்ணே?" என்றார். அம்புட்டுத்தான். இத்தனை வருடத்தில் அதை அவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. காரணம் கேட்டவருக்கு அது ஒரு வரி. கேட்காதவனுக்கு இரண்டு மாதம்.

குத்தகைக்காரர் கேட்டிலிருந்து வந்தார். சட்டைப் பையில் என் சீட்டின் மடிப்பு வெளியே தெரிந்தது.

"என்ன மெக்கானிக், கண்டுபிடிச்சீகளா? செட்டு கோளாறா, ஆளு கோளாறா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

இதற்காகத்தான் தம்பிகளே இத்தனையும் எழுதுகிறேன். பழுது கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. கண்டுபிடித்ததைச் சொல்வதற்கு அரை நொடிதான் கிடைக்கும். அதற்குள் நம் புத்தி வேண்டாத கணக்கெல்லாம் போட்டுவிடும். குஜிலியம்பாறையிலிருந்தும் சிறுமலையிலிருந்தும் என்னை நம்பிச் செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நானே முறுக்கச் சொல்லிக்கொடுத்து, நானே அவர் தப்பு என்று எழுதினேன் என்று தெரிந்தால் என்ன ஆகும்? பேச்சியம்மாளையும் காட்டிக்கொடுக்கக் கூடாது, நானும் தப்ப வேண்டும். வாயில் வந்தது இது:

"செட்டுலதான் ஒரு சின்னக் கோளாறு. சரி பண்ணியாச்சு. இனிமே வராது."

"அப்பவே நெனச்சேன்" என்றார் அவர். "டிரான்சிஸ்டரே இம்புட்டுத்தான். பழைய வால்வு செட்டையே எடுத்துப் போடுங்க."

எல்லோருக்கும் வசதியான பொய். அவருக்கு அவர் நினைத்தது சரி என்று ஆகிவிட்டது. எனக்குப் பெயர் மிஞ்சியது. பேச்சியம்மாளுக்கும் வேலை மிஞ்சும் என்று நினைத்தேன். அவர் கூம்பைக் கீழே வைத்தார்.

"செட்டுல ஒண்ணும் இல்லைங்க" என்று குத்தகைக்காரரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "பொய் சொல்லி என்னயக் காப்பாத்தாதீங்கண்ணே. செட்டு தப்புன்னா அந்தச் சீட்டு எதுக்கு அவரு பையில இருக்கு? நாளைக்கு மைக்கு வயரு ஒண்ணு அறுந்தாலும் பேச்சி கைதான்னு சொல்லுவாக. என்ன தப்பு, யாரு தப்பு. ரெண்டையும் சொல்லிருங்க."

சொன்னேன். முறுக்கியது அவர் கை, முறுக்கச் சொன்னது நான், புது செட் வந்தபோது முறுக்காதே என்று சொல்லாததும் நான் என்று சொன்னேன்.

குத்தகைக்காரர் முழுவதையும் கேட்டார். "அப்ப உங்க தப்புக்கா நான் மூணு தரம் திண்டுக்கல்லுக்கு ஆள் விட்டேன்?"

"ஆமா."

"நல்லா இருக்குங்க உங்க தொழிலு." சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. வியாபாரிக்கு யாரு சொல்றது? ராசியில்லாத கைன்னு ஊரே பேசிருச்சு. நான் இருக்கட்டும்னு சொன்னாலும் அவுக போணி பண்ணணும்ல? அடுத்த வாரம் வந்து நீங்களே சொல்லுங்க. அவுக ஒத்துக்கிட்டா இவுக இருக்கட்டும். இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அடுத்த வியாழன் மறுபடி முதல் பஸ். அந்த வாரம் முழுக்க ஒரே எரிச்சல். ராசி என்று பேசியவர்கள் மேல் எரிச்சல். என் கடைக்கு வந்து வால்வா டிரான்சிஸ்டரா என்று கேட்ட ஓர் ஆசிரியர் மேல் எரிச்சல். என் மேல் வந்ததைத்தான் அப்படி எல்லோருக்கும் பங்கு வைத்தேன் என்பது பிறகு புரிந்தது.

பேச்சியம்மாள் ஸ்விட்சைப் போட்டார். மைக்கைத் தட்டினார். சந்தை முழுக்கத் துண்டும் தோளுமாக நின்றார்கள். ஒரு துண்டும் விரியவில்லை. அவர் திறப்பு வார்த்தையைச் சொல்லவில்லை. "திண்டுக்கல் மெக்கானிக் பேசுவாரு" என்று மட்டும் சொல்லி மைக்கை என் கையில் கொடுத்தார். போணிக்கு முன்னால் பேசினால்தான் எல்லோரும் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு கடவுளே பேசினாலும் அங்கே கேட்க ஆள் இருக்காது.

பேசினேன். இந்தச் சந்தையில் செட் மூன்று தடவை எரிந்ததற்குப் பேச்சியம்மாள் கை காரணம் இல்லை, பழைய செட்டுக்கு உள்ள பழக்கத்தைப் புது செட்டுக்கு மாற்றிச் சொல்லாதது என் தவறு என்றேன். மைக்கை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"சீட்ட விட்டுட்டீங்கண்ணே" என்றார், மைக்கில் விழாத குரலில்.

மறுபடி பேசினேன். விசாரிக்காமல் அவர் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான் என்று சேர்த்தேன். வெளியே யாரோ, "சரிப்பா, வெயில் ஏறுது" என்றார்கள். அந்த வயதான வியாபாரி கொட்டகை வாசலில் வந்து நின்று, "இம்புட்டுத்தானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மாமா. செத்த நேரம் பொறு" என்றார் பேச்சியம்மாள். சத்தத்தைக் கூட்டினார். "லாரிப் பக்கம் நிக்கிறவுகளுக்குக் கேட்டிருக்காது. மூணு தரம் எரிஞ்சிருக்குல்லண்ணே. மூணு தரம் சொல்லுங்க."

மூன்றாவது தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எதையும் விடவில்லை. அதன் பிறகுதான் அவர் கையை நீட்டினார்.

மைக்கை வாங்கி, சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துவிட்டு, "போணி பண்ணுங்கப்பா" என்றார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆடுகள் கத்தின. வயதான வியாபாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்து துண்டை எடுத்து உதறி, பக்கத்தில் கிடாவோடு நின்றவரின் கையைப் பிடித்து, அதன் மேல் விரித்தார்.